உப்பில் பிசைந்த வெங்காயம்

எவரிஸ்தோ கதால்தோ நாற்பத்தோரு வருடம் லிமாச்சே என்ற எங்கள் சிறு ஊரின் தெருக்களில் சமையல் எரிவாயு விற்றார். லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு இரும்புக் கம்பியால் சிலிண்டரைத் தட்டுவார். எல்லா எரிவாயுக்காரர்களும் தட்டுவார்கள்தான்; இவர் தட்டுவது நிதானமாக இருக்கும், கதவைத் திறக்கும்வரை காத்திருக்கிற மாதிரி. ஓய்வு பெற்றபோது வலது காது முக்கால்வாசி போயிருந்தது. அவருடைய வெளிவாழ்க்கையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

மற்றது வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பதினைந்து அடி அகலம், நாற்பது அடி நீளம். மூன்று பக்கமும் செங்கல் சுவர். அதில் பன்னிரண்டு வரிசை போட்டிருந்தார். கோடையில் தக்காளி, வெள்ளரி, பச்சை மிளகாய். குளிரில் முட்டைக்கோஸ், முள்ளங்கி. லெட்யூஸ் கீரையும் வெங்காயமும் கொத்தமல்லியும் எப்போதும்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். படிக்கக்கூடாத ஒருத்தி படித்தாலும் அடையாளம் தெரியாதபடி வேறு மூன்று விஷயங்களையும் மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்லப்போவதில்லை. மற்றதெல்லாம் நடந்தபடி. இது இன்னொரு வீட்டில் இன்றைக்கே நடக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

நான் நெல்டா, இந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் முப்பது வருடம் உதவிச் செவிலியாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கிறேன். குளிப்பாட்டுவது, புண் கட்டுவது, நாடி பார்ப்பது. எவரிஸ்தோவின் மனைவி ஒத்தீலியாவுக்குச் சர்க்கரை வியாதி இருபது வருடமாக இருந்தது. அது முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகங்களை. ஒரு ஜூன் மாதம் அவளுக்கு டயாலிசிஸ் தொடங்கினார்கள். செவ்வாய், வியாழன், சனி விடியற்காலையில் வேன் வந்து பக்கத்து நகரமான கியோத்தாவுக்கு அழைத்துப்போகும். மத்தியானம் கொண்டுவந்து விடும். இடைப்பட்ட திங்கள், புதன், வெள்ளியில் காலை எட்டு மணிக்கு நான் போவேன். வடக்கே அந்தோஃபகாஸ்தாவில் வேலை பார்த்த அவர்களுடைய ஒரே மகள் யாஸ்னாதான் என்னை ஏற்பாடு செய்தாள்.

நான் முதல் நாள் போனபோது, டயாலிசிஸ் நிலையத்தில் கொடுத்த உணவுத் தாளை எவரிஸ்தோ குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தக்காளி கூடாதாம்" என்றார்.

"கூடாது."

"தோலை உரிச்சுட்டா?"

"உரிச்சாலும் கூடாது."

"விதையை எடுத்துட்டு, சாறையும் வடிச்சுட்டு?"

"தோன் எவரிஸ்தோ, தக்காளிக்குச் சட்டையைக் கழட்டினாலும் கால்சட்டையைக் கழட்டினாலும் அது தக்காளிதான்."

உள் அறையிலிருந்து ஒத்தீலியா சிரித்தாள். "விடுங்க சென்யோரா. என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பவும் எங்கப்பாகிட்ட இப்படித்தான் பேரம் பேசிச்சு அந்தக் கிழம். மாடு வாங்க வந்த மாதிரி."

"மாடுன்னா பாலாவது கறந்திருக்கும்" என்றார் அவர்.

சிரிப்போடு விட்டுவிடக் கூடாது என்று அவரை உட்காரவைத்துச் சொன்னேன். தக்காளி, அவகாடோ, வாழைப்பழம், இருமுறை வேகவைத்து நீரை வடிக்காத உருளை, இவற்றில் எல்லாம் பொட்டாசியம் நிறைய. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். ஒத்தீலியாவுடையது தள்ளாது. இயந்திரம் வாரத்தில் மூன்று முறைதான் எடுக்கும். நடுவில் உள்ளே போவது உள்ளேயே நிற்கும். அதிகமானால் இதயம் நின்றுவிடும். வலிக்காது, எச்சரிக்காது, நின்றுவிடும்.

"சிலிண்டர் வால்வு அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"வெயில்ல வெச்சா வெடிக்கும்."

"அவங்க உடம்புக்கு இப்ப வால்வு இல்லை. நினைவு வெச்சுக்கோங்க."

அவர் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஒத்தீலியாவுக்கு ஒரு துண்டுத் தக்காளிகூடக் கொடுக்கவில்லை. இதை நான் நம்பத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது.

இங்கே மதியச் சாப்பாட்டில் எது இல்லாவிட்டாலும் சாலட் இருக்க வேண்டும். தக்காளியைத் தோலோடு பரிமாறினால் வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கத்தியின் மழுங்கிய பக்கத்தால் மேலெல்லாம் தேய்த்தால் தோல் தானாகக் கழன்று வரும். வெங்காயத்தை இறகு மாதிரி மெல்லியதாகச் சீவி, ஒரு பிடி உப்புப் போட்டுக் கசக்கிப் பிசைந்து, குளிர்ந்த நீரில் மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். அப்போதுதான் அதன் திமிர் அடங்கும். பிறகு இரண்டையும் சேர்த்து, கொத்தமல்லி தூவி, எண்ணெய் விட்டால் முடிந்தது. ஒத்தீலியா நாற்பது வருடம் இதைச் செய்தாள். கண் மங்கியபின் அவர் செய்தார். பறித்து அரைமணியில் தட்டில் இருக்கும். எங்கள் ஊர்ப் பழைய ரகத் தக்காளி கோணல்மாணலாக, பள்ளமும் மேடுமாக இருக்கும். தோல் மெல்லியது, ஒரு நாள் தாங்காது. பறித்த அன்றே தின்ன வேண்டியது.

ஒத்தீலியாவுக்குச் சாப்பாடு என்றால் அதுதான். அது இல்லை என்றதும் மற்றதையும் நிறுத்திவிட்டாள். கோழிச் சூப்பைத் தள்ளினாள், இருமுறை வேகவைத்த உருளையைத் துப்பினாள். ஜூனில் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் செப்டம்பரில் நாற்பத்தொன்பது. டயாலிசிஸ் நிலையத்து மருத்துவர் எவரிஸ்தோவைக் கூப்பிட்டு, இன்னும் நாலைந்து கிலோ குறைந்தால் உடம்பு இந்தச் சிகிச்சையைத் தாங்காது, அவளைச் சாப்பிட வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு வேறு எண்ணமே இருக்கவில்லை. எப்படியாவது இவளைச் சாப்பிட வைக்க வேண்டும், தப்பானதையும் கொடுத்துவிடக் கூடாது. எழுபத்தாறு வயதில் புதிதாகப் பாத்தி பிரித்தார். தாளில் அனுமதித்த காய்களாகப் போட்டார். லெட்யூஸ் கீரையில் மூன்று வகை, முட்டைக்கோஸ், முள்ளங்கி, வெள்ளரி. ஒவ்வொரு மத்தியானமும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார். எலுமிச்சை பிழிந்த முட்டைக்கோஸ். புதினா கிள்ளிப்போட்ட வெள்ளரி.

ஒரு வெள்ளிக்கிழமை நான் சீக்கிரம் வேலை முடித்துச் சமையலறைக்கு வந்தபோது, அவர் பாத்திரம் கழுவும் தொட்டியில் கையை விட்டு வெங்காயத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உப்பு ஜாடி.

"என்ன பண்றீங்க?"

"வெங்காயம் பிசையறேன்."

"உப்பு கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? உப்பு உள்ளே போனா தாகம் எடுக்கும். தண்ணி குடிப்பாங்க. அந்தத் தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும்."

"இது திங்கிற உப்பு இல்லையே, பிசையற உப்பு. அலசிடுவேன்."

"பாதி உள்ளே ஊறிடும். கொட்டுங்க."

கொட்டினார். அன்றைக்குப் பிசையாத வெங்காயத்தை வெறும் நீரில் அலசி வைத்தார். ஒத்தீலியா ஒரு வாய் போட்டுக் கண்ணில் நீர் வரத் துப்பினாள்.

"ஏய் கிழவா, இதை ஆட்டுக்குப் போடு."

"நம்மகிட்ட ஆடு இல்லையே."

"அப்ப நீ தின்னு."

அவர் தின்றார். அவள் தின்னவில்லை.

நான் சொன்னது சரிதான். ஆனால் உப்பு கூடாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதில் என்ன என்று சொல்லாமல் வந்தேன். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தாலே வெங்காயம் அடங்கியிருக்கும். எலுமிச்சையில் ஊறவைத்தாலும் அடங்கும். எனக்குத் தெரியும். அன்றைக்கு இன்னொரு வீட்டில் படுக்கைப்புண் கட்ட வேண்டியிருந்தது, அவசரமாகக் கிளம்பினேன்.

டிசம்பரில் ஒத்தீலியா சாப்பிடத் தொடங்கினாள். ஒரு புதன்கிழமை போனேன். முதல்நாள் இரவுத் தட்டு துடைத்தமாதிரி இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. சாலடோடு ரொட்டியும் உள்ளே போனது, கோழியும் போனது. எடை ஐம்பத்தொன்றானது. கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஃப்ரெசியாவை ஜன்னல் வழியே கூப்பிட்டு வம்பு பேசும் அளவுக்குத் தெம்பு வந்தது. ஃப்ரெசியா சந்தையில் காய்கறி விற்பவள், சொந்தமாக ஒரு சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தாள்.

"என்ன மாயம் பண்ணினீங்க?" என்று எவரிஸ்தோவைக் கேட்டேன்.

"கைப்பக்குவம்."

"உப்புப் போடறீங்களா?"

"மேஜை உப்பு ஒரு கல்லுகூடப் போடலை, கன்னி மாதா மேல ஆணை. வீட்டிலேயே இல்லை, பாருங்க." அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். கடை உப்புப் பொட்டலம் இல்லை.

நோயாளி வீட்டில் வாயில் எதையும் போடக்கூடாது என்பது எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. முப்பது வருடம் மீறியதில்லை. அன்று ஒரு துண்டு வெள்ளரியை எடுத்து நாக்கில் வைத்திருந்தால் போதும்.

ஜனவரி நடுவில், எங்கள் பக்கத்துக் கோடை உச்சத்தில், டயாலிசிஸ் நிலையத்திலிருந்து குறிப்பு வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கிறது, சாப்பாட்டை விசாரிக்கவும். அப்போது தோட்டத்தில் தக்காளி காய்த்துத் தொங்கியது. எட்டுச் செடி வைத்திருந்தார். விதை ரகம் அழிந்துவிடக் கூடாது என்றார். நான் தோட்டத்துக்குப் போய் நின்றேன்.

"இதெல்லாம் யார் வயித்துக்குப் போகுது?"

"ஃப்ரெசியாவுக்கு. சுவர் மேலே குடுத்துடறேன். கேட்டுப் பாருங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஃப்ரெசியா குரல் கொடுத்தாள். "எனக்குத்தான் சென்யோரா! தக்காளி தின்னு தின்னு என் தோல்கூடச் சிவந்துபோச்சு. ஆனா அவர் சொந்த வீட்டுக்கு எவ்வளவு வெச்சுக்கிறார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாயை மூடு ஃப்ரெசியா" என்றார் அவர்.

"மூடத்தான் பார்க்கிறேன், நீங்கதான் தக்காளியைத் திணிக்கிறீங்களே."

நான் அவர் கையைப் பிடித்து முகர்ந்தேன். தக்காளி இலை வாசனை. செடிக்குத் தண்ணீர் விட்டால் கூட அந்த வாசனை ஒட்டும், எனக்குத் தெரியும். இருந்தாலும் என் சந்தேகம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஒத்தீலியாவைக் கேட்டேன்.

"எங்கே குடுக்குது? இந்தக் கிழம் தோட்டத்திலேருந்து வந்தா கையைக் கழுவிட்டுத்தான் கிட்ட வரணும்னு சொல்லியிருக்கேன். அந்த வாசனை தாங்க முடியலை நெல்டா. வாயில் எச்சில் ஊறுது."

அதையும் நான் நம்பவில்லை. ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காத வயதான தம்பதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு கடும் வெயில். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். வாரத்தில் அதுதான் நீண்ட இடைவெளி, ஆபத்தான இடைவெளி. திங்கள் காலை எட்டு மணிக்குப் போனேன். ஒத்தீலியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"காலு ரெண்டும் நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்கு நெல்டா. வாயைச் சுத்தி எறும்பு ஊருது."

நாடி பிடித்தேன். நாற்பது. சீராகவும் இல்லை. பார்த்த உடனே தெரிந்தது, பொட்டாசியம்தான்.

"என்ன குடுத்தீங்க நேத்து?"

"வெள்ளரி, வெங்காயம், கீரை. ரெண்டு தட்டு சாப்பிட்டா."

"தக்காளி எவ்வளவு?"

"குடுக்கலை."

"பொய் சொல்லாதீங்க! எவ்வளவுன்னு தெரிஞ்சா அங்கே போய்ச் சொல்லலாம்!"

"குடுக்கலை சென்யோரா. குடுக்கலை."

ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஃப்ரெசியா சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய வண்டியில் ஏற்றினோம். முன்னால் ஒத்தீலியாவை நடுவில் உட்காரவைத்து நான் தாங்கிக்கொண்டேன். எவரிஸ்தோ பின்னால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றார். அதெல்லாம் அவர் தோட்டத்துத் தக்காளி. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஃப்ரெசியா ஜன்னல் வழியே தலையை நீட்டி அதை ஓட்டியவனின் தாயைத் திட்டினாள். ஒத்தீலியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மருத்துவமனையில் மருந்து ஏற்றும்போதே இதயம் நின்றது. கால் மணி நேரம் முயன்றார்கள். மணி பத்தைத் தாண்டியிருந்தது. இளம் மருத்துவர் என்னிடம் வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"தக்காளி" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

யாஸ்னா மறுநாள் விமானத்தில் வந்தாள். மருத்துவமனைக் காகிதத்தைப் படித்துவிட்டு வந்திருந்தாள். கூடத்தில் சவப்பெட்டி, சுற்றிலும் நாற்காலிகள், அக்கம்பக்கத்தார் காப்பிக் கோப்பையோடு. அவள் அப்பா முன்னால் நின்றாள். நாற்பது வயதுப் பெண், அலுவலக உடையிலேயே இருந்தாள்.

"ஒரு தக்காளிக்காக அப்பா? ஒரு தக்காளிக்காக?"

"நான் குடுக்கலை மகளே."

"எல்லாரும் பார்த்திருக்காங்க. செடி நிறைய தொங்குது."

"குடுக்கலை."

யாரும் நம்பவில்லை. ஃப்ரெசியா ஆறுதல் சொல்கிறேன் என்று, "விடும்மா, ஆசையாத்தானே கேட்டிருப்பா, எந்த மனுஷனால மறுக்க முடியும்" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சவப்பெட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அடக்கம் முடிந்த பின்பு வியாழக்கிழமை மத்தியானம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். படுக்கையைக் கழற்றி, மருந்துகளைத் திருப்பிக் கொடுக்கத் தனியாக எடுத்துவைத்து, சமையலறையை ஒழுங்குபடுத்த வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் கோப்பைகள் மலையாகக் கிடக்கும். கழுவிய துணிகளை வைக்கக் கீழ் அலமாரியைத் திறந்தேன். துணிக்கு அடியில் மூன்று பொட்டலம். இரண்டு காலி, ஒன்றில் பாதி. சுற்றியிருந்த பேருந்துப் பார்சல் காகிதத்தில் அனுப்பியவர் பெயர் யாஸ்னா கதால்தோ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

சோடியம் இல்லாத உணவு உப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஏற்றது. பின்பக்கம், எறும்பு அளவு எழுத்தில்: பொட்டாசியம் குளோரைடு.

ஒரு துளி நாக்கில் வைத்தேன். உப்பு, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு, ஆணியை நக்கின மாதிரி. நான் உட்கார்ந்துவிட்டேன்.

எவரிஸ்தோ தோட்டத்திலிருந்து வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அது யாஸ்னா அனுப்பினது" என்றார். "நவம்பர் கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல ஒத்தீலியா அழுதா, உங்கப்பன் எனக்குப் புல்லு போடறான்னு. உடனே மருந்துக்கடைல விசாரிச்சு வாங்கி அனுப்பினா. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை. மேஜை உப்பு இல்லைன்னு ஆணையிட்டேனே, அது பொய் இல்லை."

"எவ்வளவு போட்டீங்க?"

அவர் கையை மூடிக் காட்டினார். சிலிண்டர் தூக்கிய கை, பெரிய பிடி.

"வெங்காயத்துக்கு ஒண்ணு. வெள்ளரிக்கு ஒண்ணு. முட்டைக்கோஸுக்கும். பிசைஞ்சு ஒரு தடவை அலசுவேன். முன்னெல்லாம் மூணு தடவை அலசுவேன். இது நல்ல உப்புதானே, போகட்டும்னு..." நிறுத்தினார். "ஏன்?"

நோயாளியின் வீட்டாருக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லக் கூடாது. சுற்றினால் அவர்கள் நடுவில் ஏதோ நம்பிக்கையைப் பிடித்துக்கொள்வார்கள். நேராகச் சொன்னேன்.

"இது முழுக்கப் பொட்டாசியம், தோன் எவரிஸ்தோ. ஒரு பிடியில் ஒரு பெட்டித் தக்காளியில இருக்கறது இருக்கு."

அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாயில் சொட்டிக்கொண்டிருந்த நீரைக் கையால் அடைத்தார், எடுத்தார், மறுபடி அடைத்தார்.

"அப்ப நான்தான்."

"நானும்தான். குறிப்பு வந்ததும் தக்காளியையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு வாய் ருசி பார்க்கலை. டாக்டர்கிட்ட தக்காளின்னு சொன்னதும் நான்தான். இப்ப போய்த் திருத்தறேன். யாஸ்னா எங்கே?"

"உள்ளே. பெட்டி அடுக்கறா." நான் எழுந்தேன். அவர் கதவில் குறுக்கே நின்றார். "சொல்லாதீங்க."

"உங்க மேல வீண் பழி இருக்கு."

"இருக்கட்டும்."

"தோன் எவரிஸ்தோ, மூணு நாளா அந்தப் பொண்ணு உங்களை..."

"அந்தக் காகிதத்துல அவ கையெழுத்து இருக்கு, பார்த்தீங்கல்ல?" அவர் குரலைத் தாழ்த்தினார். செவிடர்கள் தாழ்த்தினாலும் சத்தமாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எனக்கு இன்னும் எத்தனை வருஷம்? அஞ்சு? ஆறு? அவளுக்கு நாப்பது வருஷம் இருக்கு. நாப்பது வருஷம் அவ இதைத் தூக்கிட்டு நடக்கணுமா? நான் தூக்கிப் பழகினவன்."

"இது சிலிண்டர் இல்லை."

"தெரியும் சென்யோரா."

நான் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது சரி என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. வளர்ந்தவர்களுக்கு உண்மையைத் தாங்கும் முதுகு உண்டு, இல்லாவிட்டாலும் வளரும். ஆனால் அது என் வீடு இல்லை, என் மகள் இல்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு போகவில்லை.

அவர்தான் போனார். நான் சமையலறையில் நின்றபடி கேட்டேன்.

"யாஸ்னா. நான்தான் குடுத்தேன்."

உள்ளே பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் நின்றது.

"அம்மா கேட்டா. ரொம்ப நாளாக் கேட்டா. மனசு கேட்கலை. குடுத்துட்டேன்."

"அப்ப மூணு நாளா, சவப்பெட்டிக்கு முன்னாடி நின்னு, இல்லை இல்லைன்னு சொன்னது?"

"பயம் மகளே."

"அம்மா முன்னாடி பொய் சொன்னீங்க."

"ஆமா."

அவள் அன்று மாலைப் பேருந்திலேயே கிளம்பிவிட்டாள். வாசலில் என்னை மட்டும் அணைத்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ எச்சரிச்சீங்க" என்றாள். எனக்கு அந்த அணைப்பை வாங்கிக்கொள்ளும் தகுதி இல்லை. வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கியோத்தாவுக்குப் போய் டயாலிசிஸ் நிலையத்தில் பேசினேன். பெயர் சொல்லாமல், ஒரு வீட்டில் இந்த உப்பைப் பிசையப் பயன்படுத்தினார்கள் என்றேன். அவர்கள் தாளில் உப்பு கூடாது என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, சோடியம் இல்லாத உப்பும் கூடாது, வெங்காயம் பிசையவும் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். இந்த நாட்டில் அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் இல்லாவிட்டால் மேலே இருப்பதற்குப் பயன் இல்லை. பிசையற உப்பை யாரும் உப்பு என்று நினைப்பதில்லை.

எவரிஸ்தோவை நான் வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்த்தேன். யாரும் வரச் சொல்லவில்லை; ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று போவேன். தோட்டத்தை விடவில்லை. அந்த வருடம் விளைந்த தக்காளி முழுவதையும் சுவர் மேலே கொடுத்தார். அடுத்த வருடமும் எட்டுச் செடி வைத்தார். மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தொட்டிப் பக்கத்தில் நின்றபடி, லெட்யூஸ் இலையைக் கழுவி, உதறி, அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். எண்ணெய் இல்லை, எலுமிச்சை இல்லை.

"தட்டுல போட்டுச் சாப்பிட்டா என்ன?"

"தட்டு கழுவணுமே."

"சோம்பேறிக் கிழவா."

அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒத்தீலியா ஒருத்திக்குத்தான் அந்த வார்த்தை உரியது. அதற்கப்புறம் நான் சொல்லவில்லை.

யாஸ்னா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ஞாயிறு பதினோரு மணிக்கு அவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருவார், நல்ல காது பக்கமாக. பன்னிரண்டுக்கு எழுந்திருப்பார். ஃப்ரெசியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டேன், போதும், சொல்லிவிடலாமா என்று. "சொன்னா கூப்பிடுவா. அழுதுக்கிட்டே கூப்பிடுவா. வேணாம்" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து, ஆகஸ்டில், யாஸ்னா என்னைக் கூப்பிட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"சென்யோரா நெல்டா, அப்பா எப்படி இருக்கார்?"

"எடை குறைஞ்சிருக்கு. நடமாடறார்."

"சாப்பிடறாரா?"

"நின்னுக்கிட்டு."

"உங்களை ஒண்ணு கேட்கணும். அம்மாவுக்கு அதைக் குடுத்தது ஏன்னு உங்ககிட்ட எப்பவாவது சொன்னாரா? அவருக்குத் தெரியுமே. நீங்க அவ்வளவு சொல்லியிருந்தீங்க. தெரிஞ்சும் ஏன்?"

அந்த நேரத்தில் உண்மை என் வாய்வரை வந்தது என்று எழுதினால் அது பொய். துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"அவங்க சாப்பிடணும்னு" என்றேன். "அதுக்காகத்தான் எல்லாம் பண்ணினார்."

"அம்மா... கடைசிலயாவது ரசிச்சுச் சாப்பிட்டாங்களா?"

"ரெண்டு தட்டு. துடைச்சு வெச்ச மாதிரி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வரும் ஞாயிறு அவரைக் கூப்பிடுகிறேன் என்றாள். நல்லது, பதினோரு மணிக்குக் கூப்பிடு, வலது காது கேட்காது, சத்தமாகப் பேசு என்று சொல்லி வைத்தேன்.

அந்த ஞாயிறு கழிந்து வந்த வெள்ளி நான் போனபோது அவர் முட்டைக்கோஸ் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தேன், கொஞ்சம் கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.